தொட்டியின் மேல் போட்ட தளம்

எங்கள் ஊரில் காரை வெட்டவெளியில் நிறுத்தினால் இரண்டு மழைக்காலத்துக்குள் கதவின் அடிப்பகுதி உதிர ஆரம்பித்துவிடும். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் உப்பளம். கோடையில் காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதனால் என் கணவர் பழைய கார் ஒன்றை வாங்கி, அதற்கு ஒரு ஷெட் கட்ட வேண்டும் என்று சொன்னபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமியாருக்கு முட்டிவலி, சர்க்கரை. திண்டிவனத்துக்கு டாக்டரிடம் போக அவரால் பஸ் ஏற முடியவில்லை. கார் வாங்கியதே அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டோம்.

வீட்டின் இடது பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. கேட்டிலிருந்து பின்சுவர் வரை, ஒரு கார் நுழைந்து கதவைத் திறக்கிற அகலம். அந்த இடத்தின் நடுவில்தான் செப்டிக் டேங்க். தரையோடு தரையாக அதன் மூடி தெரியும். ஒரு சிமென்ட் பலகை, தூக்குவதற்கு நடுவில் ஒரு இரும்பு வளையம்.

தளம் போட வந்த மேஸ்திரி அந்த மூடியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து மட்டம் செய்து முடித்திருந்தார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் தெருவில் குவிந்து கிடந்தன. மிக்ஸர் மெஷின் கேட்டுக்கு வெளியே நின்றது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் கலந்தால் கம்பி அரித்துவிடும் என்று பிரம்மதேசம் பக்கமிருந்து டிராக்டரில் நல்ல தண்ணீர் வந்திருந்தது.

"சார், இந்த மூடிய என்னா பண்றது?" என்று கேட்டார் மேஸ்திரி. "சுத்தி நாலு பக்கமும் செங்கல் வெச்சி மேல தூக்கிடலாங்களா? இரும்பு மூடி போட்டா காரு ஏறினாலும் தாங்கும்."

"தளத்துக்கு நடுவுல மூடி தெரிஞ்சா நல்லாவாப்பா இருக்கும்?" என்றார் கணவர். "மேலயே போட்டு மூடிடு."

"நெறஞ்சிதுன்னா எடுக்கணுமே சார்?"

"போன வருஷம்தான் எடுத்தோம். வீட்ல மூணே பேரு. பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். "நீங்க என்னா மேடம் சொல்றீங்க?" என்றார்.

எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தண்ணீர் மட்டம் எவ்வளவு மேலே இருக்கிறது என்றும், மழைக்காலத்தில் டேங்க் எப்படி நிறையும் என்றும் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எனக்கும் அந்த மூடி பிடிக்காது. விருந்தாளி யாராவது அதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டால் கூசிப்போவேன். "அவரு சொல்ற மாதிரியே செய்ங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் கொடுத்தேன்.

டேங்க் மேலே கார் நிற்கப் போகிறது என்பதால் அந்த இடத்தில் மட்டும் கம்பியை நெருக்கிக் கட்டச் சொன்னார் மேஸ்திரி. பிறகு மெஷின் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் சட்டி சட்டியாகக் கலவையைத் தூக்கி வந்து கொட்டினார்கள். மேஸ்திரி நீளமான மட்டப்பலகையை இரு கையாலும் பிடித்து இழுத்து இழுத்துப் பின்னால் நகர்ந்தார். அந்த இரும்பு வளையத்தின் மேல் கலவை விழுந்து மூடியதை நின்று பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் தளத்தின் மேல் சிறுசிறு வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். மேலிருந்து பார்த்தால் நான்கு உப்பளப் பாத்தி மாதிரி இருந்தது. பத்து நாள் அப்படியே நின்றது. வரப்பைத் தட்டி எடுத்த பிறகு தளம் வெளுத்து வழவழப்பாக இருந்தது. வெறுங்காலில் நடந்து பார்த்தேன். மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்து, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதுடி" என்றார். மேலே தகரக் கூரை வந்தது. கார் உள்ளே வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அந்தத் தளத்தைப் பினாயில் விட்டுத் துடைத்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, மலம் எல்லாம் என் மேஜைக்கு வரும். சிறிய டப்பாவில் பெயர் ஒட்டி வருகிற மலத்தைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பது எனக்கு வெங்காயம் நறுக்குவது மாதிரிதான். கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு டப்பாவைத் திறந்து தயிர் சாதம் சாப்பிடுவேன். இருபது வருடத்தில் ஒருநாள்கூடக் குமட்டியதில்லை. அதனால் நான் இங்கே எழுதுகிற அருவருப்பு மலத்தைப் பற்றியது அல்ல.

அடுத்த ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஆறாம் நாள் காலை, மாமியாரின் கக்கூஸிலிருந்து களகளவென்று சத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றினால் இறங்கவில்லை. அப்படியே நின்று சுற்றியது. மதியத்துக்குள் குளியலறைச் சாக்கடை வழியாகக் கறுப்பாக மேலேறி வந்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு அடிக்கடி போக வேண்டும். அவரால் வெளியே எங்கும் போக முடியாது. கணவர் அவரை அதே காரில் ஏற்றித் திண்டிவனத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் கழிவுநீர் லாரி வந்தது. டிரைவர் இறங்கி, தடித்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து சுற்றும்முற்றும் பார்த்தார்.

"மூடி எங்க சார்?"

கணவர் தளத்தைக் காட்டினார்.

"இதுக்குள்ளயா?" டிரைவர் குழாயைக் கீழே போட்டார். "மூடி இல்லாம நான் எங்க சார் குழாய விடுவேன்?"

உடைக்க ஆள் வந்தது. சிறிய டிரில்லிங் மெஷின். முழுக்க உடைக்க வேண்டாம், குழாய் போகிற அளவுக்குப் போதும் என்றார் கணவர். தளம் வீணாகப் போகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. நெருக்கிக் கட்டிய கம்பிகளுக்கு நடுவே அந்த ஆள் அரைநாள் போராடி, ஓர் ஆள் தோளைக் குறுக்கினால் நுழையலாம் என்கிற அளவில் ஒரு ஓட்டை போட்டார். உடைந்த கான்கிரீட் துண்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. தொப்பென்று சத்தம் வந்தது. பழைய மூடியும் இரண்டாகப் பிளந்து உள்ளே போனது.

லாரி மறுபடி வந்து உறிஞ்சியது. தண்ணீர் போனது. அடியில் மண் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது போகவில்லை. கான்கிரீட் துண்டு ஒன்று குழாய் வாயில் வந்து அடைத்தது. இரண்டு தடவை எடுத்துப் போட்டுவிட்டு டிரைவர் மோட்டாரை நிறுத்தினார்.

"உள்ள கல்லு கெடக்குது சார். அத எடுக்காம ஒண்ணும் ஆவாது. வாய பெருசா ஒடச்சிட்டுக் கூப்புடுங்க, வர்றேன்."

"யாராவது எறங்கி எடுத்துட்டா?"

"ஆள எறக்கற வேலைக்கு நான் வரமாட்டேன் சார். தப்பு அது. என் லைசென்ஸ் போயிடும்."

டிரைவர் போய்விட்டார். கணவர் வாசலில் நின்று யார் யாருக்கோ போன் செய்தார். அன்று மாலை நான் பக்கத்து வீட்டு கக்கூஸைக் கேட்டுப் பயன்படுத்திவிட்டுத் திரும்பியபோது, "ஆளு கெடச்சாச்சு. காலைல வர்றான்" என்றார். எந்த ஆள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டாம் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சைக்கிள் கேரியரில் ஒரு கயிறும் இரண்டு பக்கெட்டும். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஓட்டையில் குனிந்து பார்த்தார். ஒரு மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு சட்டையையும் லுங்கியையும் கழற்றி மடித்து மதில் மேல் வைத்தார். அரை டிராயரோடு நின்றார்.

"கொஞ்சம் தேங்காண்ணெ குடுங்கம்மா" என்றார் என்னிடம். "ஒடம்புல தடவிக்கினா சீக்கிரம் போயிடும்."

உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்தேன். அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். நான் ஊற்றினேன். ஊற்றும்போதுதான் கவனித்தேன். பாட்டிலை ஒரு முழம் உயரத்தில் பிடித்திருந்தேன். பாட்டிலின் வாய் அவர் கையில் பட்டுவிடக் கூடாது என்று என் கை தானாகவே அவ்வளவு உயரம் போயிருந்தது. எண்ணெய் நூல் மாதிரி இறங்கி, காற்றில் அசைந்து, பாதி அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் அதை வழித்து மார்பில் தடவிக்கொண்டார். அவருக்கு அது பழக்கம் போலிருந்தது. அவர் இன்னும் ஒன்றையும் தொடவில்லை. உடம்பு முழுக்க சோப்பு வாசனைதான். ஊரார் மலத்தைத் தொட்ட கையால் தினமும் சோறு தின்பவள் நான். என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

அவர் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டார். கயிற்றை மார்பில் கட்டி மறுமுனையைக் கணவரிடம் நீட்டினார். கணவர் அதை இரண்டு விரலால் வாங்கி, தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றார். உள்ளே இறங்கப் பார்த்தவரின் தோள் நுழையவில்லை. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பைத் திருகிப் பார்த்தார். மார்பு வரை உள்ளே போய்விட்டார்.

"வேணாம்" என்றேன். "மேல வாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கணவரும் திரும்பினார்.

"என்ன வேணாம்?" என்றார் கணவர்.

"உள்ள இருக்கறது வெஷக் காத்து. மயக்கம் போட்டா இந்த ஓட்டை வழியா நம்மால தூக்க முடியாது. எறங்க வேணாம்."

"ரெண்டு நிமிஷ வேலைடி. நாலு கல்ல எடுத்துப் போட்டா முடிஞ்சிது. நேத்தே தொறந்து வெச்சாச்சு, காத்தெல்லாம் போயிருக்கும்."

"அப்ப நீங்க எறங்குங்க."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. கணவரின் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் அவர் மூக்கு சுருங்கியது. மேலுதடு ஏறியது. தட்டில் அதை வைத்துச் சாப்பிடச் சொன்ன மாதிரி, உடம்பே ஒருமுறை உதறியது. தான் இறங்குவதை ஒரு நொடி நினைத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அதே குழிக்குள் மார்பு வரை இறங்கிய மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த முகம் அவருக்கு வரவில்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டியது.

"என்னா பேச்சுப் பேசற நீ?" என்று கத்தினார். "அக்கம் பக்கத்துல பாக்கறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மதிலுக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன.

ஓட்டையில் மாட்டியிருந்தவர் விளிம்பைப் பிடித்து மெல்ல மேலே வந்தார். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. அவருக்குக் கோபம்.

"இன்னாம்மா நீங்க? நான் என்னமோ இன்னிக்கித்தான் மொத மொத எறங்கற மாதிரி. இருவது வருஷமா இதே வேல. நீங்க உள்ள போங்க, பாக்காதீங்க. பாத்தாதான் உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

"பாக்காம இருந்தா மட்டும் உள்ள காத்து மாறிடுமாங்க?"

"ஏம்பா, நீ எறங்குப்பா. அவ கெடக்கறா" என்றார் கணவர்.

சுவரோரம் மழைக்காகப் போட்டு வைத்திருந்த பலகை ஒன்று கிடந்தது. அதை இழுத்து வந்து ஓட்டையின் மேல் போட்டேன். அதன் மேல் ஏறி நின்றேன். இப்படியெல்லாம் செய்கிறவள் அல்ல நான். வீட்டில் உரத்துப் பேசியதுகூட இல்லை. கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பலகை ஆடியதால் விட்டுவிட்டார். "உங்கொம்மாவா கக்கூஸ் இல்லாம தவிக்கறா? எங்கம்மாதான?" என்றார். பிறகு காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த மனிதர் குழாயடியில் காலையும் கையையும் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் முழுக் கூலியையும் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேல செய்யாம வாங்கறது எனக்குப் புடிக்கலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

நான் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அவர் வந்து பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கம்பி அறுக்கிற மெஷினைக் கொண்டுவந்து, டேங்கின் மேல் இருந்த தளத்தை முழுவதுமாக, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை உடைத்தார். துண்டுகள் உள்ளே விழாமல் ஒவ்வொன்றையும் கம்பியோடு சேர்த்து வெளியே இழுத்துப் போட்டார். உள்ளே ஏற்கனவே விழுந்து கிடந்ததை மேலே நின்றபடியே, நீளமான மூங்கிலில் கட்டிய இரும்புக் கொக்கியால் எடுத்தார். மறுநாள் லாரி வந்தது. அதே டிரைவர். நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடிக் கசடைக் கலக்கி, குழாயை விட்டு உறிஞ்சினார். இரண்டு நடையில் டேங்க் காலியானது. சுவரின் அடிச் செங்கல் தெரிந்தது.

இரண்டு நாள். யாரும் உள்ளே இறங்கவில்லை. இரண்டே நாள் பொறுத்து, நமக்கு ஆசையான ஒரு தளத்தை உடைக்க மனசு வந்தால் போதும் என்பதை அந்த உடைந்த துண்டுகளுக்கு நடுவே நின்று யோசித்தேன். அந்த இரண்டு நாளுக்குப் பதிலாகத்தான் ஒரு மனிதரை இறக்கப் பார்த்தோம். எனக்கு அப்போது வந்த வெறுப்பில் பாதி கணவர் மேல். மீதி, டீ டம்ளரோடு நின்று "அவரு சொல்ற மாதிரியே செய்ங்க" என்று சொன்னவள் மேல்.

மேஸ்திரி முதலில் சொன்னபடியே சுற்றிச் செங்கல் வைத்து, இரும்பு மூடி போட்டு, மிச்ச இடத்துக்குப் புதிதாகத் தளம் போட்டார். புதுசுக்கும் பழசுக்கும் நிறம் சேரவில்லை. மாமியார் திரும்பி வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தளத்தைப் பார்த்து, "ஏன்டி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்குது?" என்றார்.

கணவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினார். நானும் பேசினேன். ஆனால் அவர் மூக்கைச் சுருக்கிய அந்த முகம் என் கண்ணிலிருந்து போகவில்லை. அவர் பிசைந்து வைத்த சோற்றைப் பார்த்தால் எழுந்து போய்விடுவேன். அவர் துவட்டிய துண்டை எடுக்க மாட்டேன். ஒரு மாதம் போல அப்படி இருந்தது. பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தபோது அவர் அந்தக் கதையைச் சொன்னார். "எங்க வீட்ல ஒரு பெரிய சமூக சேவகி இருக்காங்க, தெரியுங்களா? பலக மேல ஏறி நின்னு போராட்டம்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, மரக்காணத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். டேங்கில் இறங்க வந்த அந்த மனிதர் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேம்மா. உங்க டேங்கு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. முழுசா ஒடச்சி எடுத்தோம். யாரும் எறங்கல."

"அப்படியா" என்றார். "அன்னிக்கி உங்க வீட்லருந்து நேரா கூனிமேடு பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் வரைக்கும் எறங்கி எடுத்துக் குடுத்தேன். காலைலேர்ந்து போன் மேல போன் பண்ணிட்டு இருந்தாங்க."

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. "உக்காருங்க" என்று நகர்ந்தேன்.

"பரவால்லம்மா, எறங்கிடப் போறேன்" என்றார்.

பஸ் புறப்பட்டது. வழியில் ஏறியவர்கள் யாரும் அந்த சீட்டில் வந்து உட்காரவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெருமுக்கல் தாண்டியது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னோடுதான் இறங்கினார். அதுவரை நின்றுகொண்டேதான் வந்தார்.